அலை கடந்து வந்த மணி

இராயபுரம் என்றதும் சென்னைவாசிகளுக்கு ரயில் நிலையம் ஞாபகத்துக்கு வரும். மீன் வாங்குகிறவர்களுக்குக் காசிமேடு ஞாபகத்துக்கு வரும். என் நண்பர் ஒருவருக்குக் கிருஷ்ணதேவராயர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் தமிழாசிரியர். ராயர் எவரோ ஒருவர் பேரால் உண்டான ஊர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். விஜயநகரத்திலிருந்து ஒரு சின்ன ராயரையாவது இழுத்து வந்து கடற்கரையில் நிறுத்திவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அப்படி ராயர் ஒருவரும் வரவில்லை. வந்தவர் இராயப்பர்.

ஏசுநாதருடைய சீடர்களில் முதல்வரைப் புராட்டஸ்டண்டுகள் பேதுரு என்பார்கள். கத்தோலிக்கர்கள் பழைய நாளிலிருந்து இராயப்பர் என்பார்கள். அந்தக் காலத்துச் சாமியார்களுக்கு அந்நியப் பெயர்களை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவன். அவரைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் ராயி என்றால் கல். அதிலிருந்து வந்தவர்தான் இராயப்பர் என்று சொல்வார்கள். இந்தச் சொல்லாராய்ச்சியைப் பண்டிதர்களுக்கே விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்த சங்கதி வேறு. பேதுரு கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்தவர். 1820-களில் அவருக்கு இந்தக் கரையில் கோயில் கட்டியவர்களும் கடலில் பிழைத்தவர்கள். கவர்னர் கட்டவில்லை, கம்பெனித் துரை கட்டவில்லை, வியாபாரத்தில் லட்சக்கணக்காகச் சம்பாதித்த பிரபு யாரும் கட்டவில்லை. சென்னைக் கரையில் படகு தள்ளிய கூலிக்காரர்கள் கட்டினார்கள்.

பழைய கோயில்களைப் பார்க்கப் போனால், அது எந்த மதத்துக் கோயிலானாலும் சரி, நான் முதலில் சாமான்களைத்தான் பார்ப்பேன். விளக்கு, மணி, கல்தொட்டி, வாகனம், பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் பொறித்த பேர். 'இன்னார் உபயம்' என்று டியூப் லைட்டில் எழுதி அதன் வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடும் நம் வழக்கத்தைப் பலர் கேலி செய்வதுண்டு. நான் செய்வதில்லை. கொடுத்தவன் தன் பேரை எழுதுகிறான். அதனால் நமக்குச் சரித்திரம் கிடைக்கிறது. ஆனால் ஒன்று: கொடுத்தவன் பேர் இருக்கும், செய்தவன் பேர் சில சமயம் இருக்கும், கொண்டுவந்தவன் பேர் எங்கும் இருக்காது.

இது ஏன் தோன்றியது என்றால், சென்னையின் வடகரையில் நாலு கிலோமீட்டருக்குள் மூன்று பழைய தேவாலயங்கள் இருக்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயம் ஒன்று; உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் ஆர்மீனியன் தெருவில் இருப்பது ஒன்று; வடக்கே இராயப்பர் கோயில் ஒன்று. முதலிரண்டைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. மூன்றாவதைக் கட்டியவர்கள் இல்லாவிட்டால் முதலிரண்டில் இருக்கும் சாமான்களில் பாதி அங்கே வந்து சேர்ந்திருக்காது.

கோட்டைக் கோயில் 1680-இல் திறக்கப்பட்டது. சுவர் நாலடி கனம். பீரங்கிக் குண்டு விழுந்தால் தாங்கவேண்டும் என்று கூரையை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவுக்கு 1753-இல் கல்யாணம் நடந்தது இங்கேதான். பீடத்துக்கு மேலே ஏசுநாதரின் கடைசி விருந்துப் படம் ஒன்று இருக்கிறது. 1761-இல் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து எடுத்து வந்தது என்று சொல்வார்கள். ஷ்வார்ட்ஸ் பாதிரியாருக்கு ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. அவர் 1798-இல் தஞ்சாவூரில் காலமானார்; ஜான் பேக்கன் என்ற லண்டன் சிற்பியைக் கொண்டு கம்பெனியார் செய்வித்து அனுப்பினார்கள். ஞானஸ்நானத் தொட்டி மட்டும் நம் ஊர்க் கருங்கல். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் மூன்று பெண்களுக்கு 1689-இல் இந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம் நடந்தது.

அந்தச் சார்னக் கல்கத்தாவில் இறந்தபோது அவர் சமாதிக்குக் கல் சென்னையிலிருந்து போயிற்று. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல். இருநூறு வருஷங்கள் கழித்து ஹாலண்ட் என்ற நிலவியல் நிபுணர் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னக் ஞாபகமாக அதற்குச் 'சார்னகைட்' என்று பேர் வைத்தார். இன்று உலகத்திலுள்ள நிலவியல் புத்தகங்களில் எல்லாம் அந்தப் பேர் இருக்கிறது. நம் பரங்கிமலைக் கல்லுக்குக் கல்கத்தாவில் புதைக்கப்பட்டவர் பேர்! போகட்டும். நான் கேட்பது, அந்தக் கல் இங்கிருந்து எப்படிக் கப்பல் ஏறிற்று? லண்டன் சலவைக்கல் எப்படிக் கரை ஏறிற்று?

இன்று துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்களைப் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வராது: சுமார் இருநூற்றைம்பது வருஷங்கள் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. 1639-இல் வந்து குடியேறினவர்கள் கப்பல் நிற்க இடமில்லாத ஒரு கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். கப்பல் ஒரு மைல் இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே வரிசை வரிசையாக அலை மடிந்து உடைந்துகொண்டே இருக்கும். கப்பலோடு வந்த சாதாரணப் படகை இறக்கினால் அலை அதைத் தூக்கி மணலில் அறையும். ஆணி தெறித்துப் பலகை பிளந்துவிடும்.

நம்மவர்கள் படகில் ஆணியே கிடையாது. மாம்பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து, விளிம்பில் துளை போட்டு, இடுக்கில் நாரையும் வைக்கோலையும் வைத்து, தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். துணி தைப்பதுபோலத் தையல். முப்பது அடிக்கு மேல் நீளம், அடிப்பக்கம் தட்டை. அலை அறைந்தால் படகு எதிர்த்து நிற்காது, நெளிந்து கொடுக்கும். தண்ணீர் கசியும், ஒருவன் இறைத்துக்கொண்டே இருப்பான். வெள்ளைக்காரர்கள் இதை மசூலாப் படகு என்றார்கள், தமிழில் சலங்கு. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சலங்கைத்தான் 'ஷெலிங்' ஆக்கிக்கொண்டார்கள்.

எட்டுப் பேர் பத்துப் பேர் துடுப்புப் போட, பின்னால் தண்டல் நிற்பான். பெரிய அலை ஒன்று முதுகைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து அவன் குரல் கொடுத்ததும் எல்லாரும் உயிரைக் கொடுத்து வலிக்கவேண்டும். அலையின் முதுகில் ஏறிவிட்டால் கரை. ஏறத் தவறினால் அடுத்த அலை மேலே விழும். ஆட்கள் விழுந்தால் எடுக்கக் கூடவே கட்டுமரங்கள் வரும். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகிற கட்டுமரக்காரன் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்து, காகிதம் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பான். கடல் ரொம்பக் கெட்டிருந்தால் கரையில் கொடி ஏற்றிவிடுவார்கள், படகு போகக்கூடாது என்று. கவர்னரானாலும் அன்றைக்குக் கப்பலில்தான் படுக்கை.

அந்த நாளில் வந்திறங்கிய துரைமார்களும் துரைசானிகளும் எழுதிய பயணப் புத்தகங்களில் இந்தப் படகோட்டிகளுக்குக் கிடைத்திருக்கும் திட்டுக்கு அளவில்லை. கொள்ளைக்காரர்கள், நடு அலையில் துடுப்பை நிறுத்திவிட்டு அதிகக் கூலி கேட்பவர்கள் என்று. உண்மையாகவே கேட்டிருப்பார்கள். பாதி வழியில் ஆட்டோவை நிறுத்திப் பேரம் பேசுவது நல்ல பழக்கம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அதே புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளி, அந்த அலையைக் கடந்ததைத் தாம் செய்த வீரச்செயலாக இவர்களே வர்ணித்திருப்பார்கள். கடந்தவர்கள் யார்? இவர்கள் படகுக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

ஆர்மீனியன் தெருக் கோயிலுக்கு ஒருநாள் போயிருந்தேன். 1772-இல் கட்டியது. உள்ளே மரங்களும் மௌனமுமாக இருக்கிறது. வெளியே ஒரு அடி வைத்தால் பாரிமுனையின் இரைச்சல். முற்றம் முழுக்கச் சமாதிக் கற்கள். அவற்றில் ஒன்று ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-இல் சென்னையில் அச்சடித்தவர் இவர். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அவர் கல்லருகே சற்று நேரம் நின்றேன். எத்தனை சந்தா பாக்கியோடு போனாரோ, பாவம்!

அந்தக் கோயிலின் பெருமை மணிகள். தனியே நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள், ஒவ்வொன்றும் சுமார் நூற்றைம்பது கிலோ. பத்தொன்பது வயதில் இறந்துபோன மகன் ஞாபகமாக ஒரு வணிகர் 1778-இல் கொடுத்த மணி ஒன்று. பிள்ளையின் சமாதியும் அதே தோட்டத்தில் இருக்கிறது. 1754-இல் வார்த்து 1808-இல் மறுபடி வார்த்த மணி ஒன்றில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆர்மீனியர் கோயில் மணியில் தமிழ் எழுதச் சொன்னவர் யார் என்று அன்று முழுக்க யோசித்தேன். அடிக்கிறவன் தமிழன்தானே, அவன் படிக்கட்டும் என்று ஒரு நல்ல மனிதர் நினைத்திருக்கலாம். இது என் ஊகம், கதைக்காரன் ஊகம். 1837-ஆம் வருஷத்து மணிகள் இரண்டில் லண்டன் தாமஸ் மியர்ஸ் என்று வார்த்தவர் பேர் இருக்கிறது. அது வைட்சாப்பல் பட்டறை. 1858-இல் 'பிக் பென்' என்ற பெரிய மணியை வார்த்ததும் அதே பட்டறைதான்; 2017-இல்தான் மூடினார்கள்.

இப்போது அந்த 1837-ஆம் வருஷத்து மணியை நினைத்துப் பாருங்கள். லண்டனில் வார்த்தாகிவிட்டது, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வந்தாகிவிட்டது, இன்னும் ஒரு மைல் பாக்கி. சென்னையில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் போட்டது 1861-இல். ஆகவே அந்த மணி இறங்க வேறு வழியே இல்லை. கப்பலின் பக்கவாட்டில் சலங்கு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து கயிற்றில் கட்டி நூற்றைம்பது கிலோ வெண்கலத்தை இறக்குகிறார்கள். படகு மேலே எழும்பும் சமயம் மணி கீழே வந்தால் தையல் பிய்ந்து அடிப்பலகையோடு போய்விடும். கீழே நிற்கிறவன் இரண்டு கையாலும் அதை ஏந்தித் திருப்பிப் படகின் நடுவே உட்காரவைக்கவேண்டும். பிறகு 'ஏலேலோ' என்று பாடிக்கொண்டு அலைக்குள் போகவேண்டும். அந்தக் குலுக்கலில் நாக்கைக் கட்டாமல் விட்டிருந்தால் மணி அடித்துக்கொண்டே வந்திருக்கும். கோயிலுக்கு வருமுன் அந்த மணியின் ஓசையைக் கேட்டவர்கள் அந்தப் பத்துப் பேராகத்தான் இருக்கவேண்டும்.

இந்தப் படகுக்காரர்களில் கத்தோலிக்கர்களாக இருந்தவர்கள், குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள், கட்டிக்கொண்டதுதான் இராயப்பர் கோயில். ஊர் ஊராய்ப் பிரபுக்களுடைய சாமான்களைக் கரையேற்றியவர்கள் தங்களுக்கென்று ஒரு பீடமும் ஒரு மணியும் வேண்டும் என்று நினைத்தார்கள். அதில் கொஞ்சம் ரோஷமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ரோஷம் இல்லாமல் ஏழைகள் பெரிய கட்டடம் கட்டுவதில்லை.

உள்ளே இருப்பவை எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் காண்பவைதான். வாசலில் தீர்த்தத் தொட்டி. விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். பீடத்தில் நற்கருணைப் பேழை, அருகே அணையாமல் எரியும் விளக்கு. சுவரோரமாகச் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகள். கையில் சாவியோடு இராயப்பர். மோட்சத்தின் திறவுகோல் அவரிடம் கொடுக்கப்பட்டது என்பது ஐதிகம். ஒரு செம்படவரிடம் சாவியைக் கொடுத்த மதத்தை இந்தக் கரைக்காரர்கள் விரும்பியதில் என்ன ஆச்சரியம்?

நடு மண்டபத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மேலே பார்த்தேன். ஐரோப்பியர்கள் தேவாலயத்தின் இந்த நடுப்பகுதியைக் கப்பல் என்றே அழைக்கிறார்கள். லத்தீனில் நாவிஸ். நம் நாவாய் ஞாபகம் வரவில்லையா? கவிழ்த்து வைத்த பெரிய படகுக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்று பாவனை. மற்ற ஊர்களில் அது வெறும் பாவனை. இங்கே உட்கார்ந்து ஜபித்தவர்களுக்கு வாரத்தில் ஆறு நாள் அது பிழைப்பு. வேளாங்கண்ணிப் பீடத்தில் பீங்கான் தட்டுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புயலில் தப்பிய போர்த்துக்கேய மாலுமிகள் கொடுத்தவை என்பார்கள். கடலில் தப்பியவன் கொடுக்கிற சாமானுக்கு ஒரு தனிக் களை உண்டு. இராயபுரத்தில் தட்டுக்குப் பதிலாகக் கோயிலையே கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் கோயில் கட்டி ஐம்பது வருஷத்தில் பிழைப்புக்கு முடிவு வந்தது. 1876-இல் துறைமுக வேலை ஆரம்பமாயிற்று. 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து, கட்டியதைப் பெருமளவு நொறுக்கிப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே பார்த்திருந்த வாசலை அடைத்து வடகிழக்குக்குத் திருப்பி, அதை உருப்படியான துறைமுகமாக்கினார். கப்பல் கரையோரமாகவே வந்து நின்றது. சலங்குக்கு வேலை இல்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தின் கல் கரங்கள் அதைத் தடுத்தன. தடுத்த மணல் தெற்கே சேர்ந்து மெரீனா அகலமாயிற்று. நாம் மாலையில் காற்று வாங்குகிறோம், சுண்டல் தின்கிறோம். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றுகொண்டே போயிற்று. இன்று அங்கே மணலுக்குப் பதிலாகப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். படகுக்காரர்களின் வேலையை முதலில் எடுத்த துறைமுகம், பிறகு அவர்கள் படகு இழுத்துப் போட்ட மணலையும் எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எண்பது வயதிருக்கும். கழுத்தில் ஜபமாலை, முழங்காலுக்குமேல் மடித்த கைலி.

"இன்னா தம்பி, போட்டோ புடிக்க வந்தியா?"

"இல்லீங்க பெரியவரே. சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

"நல்லாப் பாரு. இது வெள்ளைக்காரன் கட்னது இல்ல. எங்காளுங்க கட்னது."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தைத்த படகைப் பற்றிக் கேட்டேன். அவர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய தகப்பனாரே சின்ன வயதில் பார்த்ததாகச் சொல்லுவாராம். அவர் ஓட்டினதெல்லாம் கட்டுமரம், பிறகு பைபர் படகு. பேரன் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறானாம்.

"சலங்கு ஓட்னவரு எங்க பாட்டனோட பாட்டன். கடலுக்குப் போனவரு திரும்பல. படகு மட்டும் வந்து ஒதுங்கிச்சாம். கல்லறைக்கு ஒண்ணும் கெடைக்கல."

கோட்டைக் கோயிலின் சலவைக்கல் எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை. "அப்ப அவருக்கு எங்கே போய் மாலை போடுவீங்க?" என்று கேட்டேன்.

"மாலை எங்க போடறது? கல்லறைத் திருநாளு வருதில்ல, நவம்பர் ரெண்டாந் தேதி? செத்தவங்க பேரெல்லாம் சீட்ல எழுதிக் குடுப்போம். சாமியாரு பூசையில படிப்பாரு."

"அவர் பேர் என்ன?"

கிழவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"பேரு யாருக்கு தெரியும் தம்பி? எங்கப்பாவுக்கே தெரியாது. சலங்குத் தாத்தான்னு எழுதிக் குடுப்போம். சாமியாரும் அப்டியே படிப்பாரு. புதுசா வந்த சாமியாரு ஒருத்தரு, இது இன்னா பேருய்யான்னு கேட்டாரு. பேருதான் சாமி, படிங்கன்னேன். படிச்சாரு."